ரேம் வேகம் 3600-இல் எழுந்த கணினி, மூன்றாம் நாள் காலையில் எழவில்லை

இன்று மாலை 5:10-க்கு, ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட் மென்பொருள் நான்காவது சுற்றை முடித்தது. பிழை: 0. காலை 11:25-க்குத் தொடங்கியது, ஐந்தே முக்கால் மணி நேரம் ஓடியது. வெளியே நல்ல வெயில். அறைச் சுவரில் இருக்கும் வெப்பமானி 35 டிகிரி காட்டியது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றவில்லை, வேண்டுமென்றேதான் மூடி வைத்திருந்தேன். ஒன்பது நாளாக என்னை அலைக்கழித்த கணினி இந்த வெக்கையையும் தாங்கிவிட்டதால், எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடிதான். கல்யாண வீடியோ எடிட்டிங் என் வேலை. கணினி நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது: ரைசன் 5 3600 பிராசஸர், பி450 சிப்செட் போர்டு, நான்கு ரேம் ஸ்லாட், ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி ஒன்று, ஹார்டு டிஸ்க் இரண்டு. ரேம் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4, 3200 வேகம். நான்கு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது.

ஆவணி முகூர்த்த வேலைகள் சேர்ந்துகொண்டபோது 16 ஜிபி போதவில்லை. 4கே காட்சிகளை மூன்று அடுக்கில் வைத்தால் கணினி திணறும். மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கணினிப் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் கழற்றிய ரேம் ஒரு ஜோடி கிடைத்தது: 8 ஜிபி இரண்டு, 3600 வேகம், 2,600 ரூபாய். "பழசு 3200ன்னா பரவாயில்லண்ணே, சேர்ந்து ஓடும்" என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னது பொய்யில்லை. எந்த வேகத்தில் சேர்ந்து ஓடும் என்று நான்தான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டில் செருகினேன். கணினி எழும்போது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை இயக்கினேன். ரேம் வேகத்தைத் தயாரிப்பாளர் எழுதிவைத்த அளவுக்கு ஒரே அழுத்தில் உயர்த்தும் அமைப்பு அது. அங்கே வேகம் 3600, நேர அளவுகள் (ரேம் பதில் தர எடுக்கும் காத்திருப்பு) 18-22-22-42, மின்னழுத்தம் 1.35 வோல்ட் என்று வந்தது. அது புது ஜோடியின் கணக்கு. பழைய ஜோடியின் கணக்கு 3200, 16-18-18-38. நான்கும் 3600-இல் ஓடட்டும் என்று சேமித்து வெளியே வந்தேன். விண்டோஸ் வந்தது. டாஸ்க் மேனேஜரில் 32 ஜிபி, 3600 என்று பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. சோதனை எதுவும் செய்யவில்லை. நேராகக் கொருக்குப்பேட்டைக் கல்யாணத்தின் மெமரி கார்டுகளை ஹார்டு டிஸ்க்கில் இறக்கத் தொடங்கினேன்.

அந்த இரண்டு நாளில் மூன்று அறிகுறிகள் தெரிந்தன. எடிட்டிங் மென்பொருள் இரண்டு முறை சொல்லாமல் மூடிக்கொண்டது. பிரவுசர் தாவல் ஒன்று செத்தது. இரண்டாம் நாள் இரவு ஒரு நீலத்திரை, 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற வரியோடு. மூன்றுக்கும் அப்போதுதான் போட்ட விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். நீலத்திரையே பெயரைச் சொல்லிவிட்ட பிறகும் ரேம் பக்கம் யோசனை போகவில்லை.

மூன்றாம் நாள் காலை பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, மானிட்டரில் 'நோ சிக்னல்'. பத்து வினாடியில் தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி அணைந்தது. மூன்று முறை இப்படி. பிறகு விசிறி மட்டும் சுற்றிக்கொண்டு கருந்திரையிலேயே நின்றுவிட்டது.

இங்கிருந்து வரிசையாகத் தப்பு செய்தேன்.

முதலில் மானிட்டர் வயரை மாற்றினேன். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். பிறகுதான் போர்டின் ஓரத்தைப் பார்த்தேன். நான்கு சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும்: சிபியு, டிராம் (அதாவது ரேம்), விஜிஏ, பூட். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. இதை முதல் நிமிடத்திலேயே பார்த்திருக்க வேண்டும். உங்கள் போர்டில் இந்த விளக்குகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்து வையுங்கள், கணினி நன்றாக ஓடும்போதே.

டிராம் விளக்கு என்றதும் நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: ஸ்டிக்குகளைக் கழற்றி, தங்கப்பூச்சுப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். காசிமேட்டுக் கடல் காற்றுக்கு இங்கே கேபினட் திருகாணிகூட ஒரே வருடத்தில் துருப்பிடிக்கும். அதனால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 180 ரூபாய்க்கு வாங்கி, பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சில் கொஞ்சம் கருப்பு வந்தது. ஆனால் ஒரு வாரம் முன்பு வரை இதே பற்கள்தானே வேலை செய்தன? கணினியில் கடைசியாக மாறியது எது என்று என்னையே கேட்டிருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

துடைத்து மாட்டியதும் நான்காவது முயற்சியில் எழுந்தது! ரப்பர்தான் காப்பாற்றியது என்று நம்பினேன். அன்று முழுக்க வேலை செய்தேன். இடையில் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தபோதும் ஒழுங்காக வந்தது. மறுநாள் காலை மறுபடி கருந்திரை.

இந்த வித்தியாசம்தான் என்னை அடுத்த தப்புக்கு இழுத்துப் போனது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, இரவெல்லாம் அணைந்து கிடந்தால் வரவில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர் பழசானால் இப்படி ஆகும் என்று தெரியும். அதனால் புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கும் நண்பரிடம் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி வந்தேன். எல்லா வயரையும் பிரித்து மாட்ட ஒன்றரை மணி நேரம். பொத்தானை அழுத்தினால் அதே கருந்திரை, அதே மஞ்சள் விளக்கு. முழுக்க அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் போர்டு ரேமோடு நேரத்தை ஒத்திசைத்துப் பார்க்கும், அதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். வேகம் விளிம்பில் இருந்தால் ஒரு நாள் அது ஜெயிக்கும், ஒரு நாள் தோற்கும். என் ரப்பர் வைத்தியம் பலித்ததும் அதனால்தான்.

வெறுத்துப்போய் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். பார்ப்பதற்கு 300 ரூபாய். இருபது நிமிடத்தில் "போர்டு போச்சு சார், மாத்தணும்" என்றார்கள். 7,500 ஆகுமாம். ஒரு ஸ்டிக் மட்டும் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு ஸ்டிக் என்ற யோசனை அந்தக் கேள்வியில்தான் எனக்கே வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஸ்டிக் ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். அப்போதும் எழவில்லை. பயாஸுக்குள் 3600 என்று எழுதியிருக்கிறதே, அந்த 3200 ஸ்டிக்கையும் அதே வேகத்தில்தான் அது எழுப்பப் பார்க்கிறது. பல போர்டுகள் சில முயற்சி தோற்றால் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். என்னுடையது திரும்பவில்லை. ஆக, பயாஸ் அமைப்பை அழித்தாக வேண்டும்.

போர்டிலிருக்கும் நாணய பேட்டரியைக் கழற்றினேன். ஐந்து நிமிடம் காத்திருந்து மாட்டினேன். மாற்றமில்லை. பத்து நிமிடம். மாற்றமில்லை. இதில்தான் ஒரு முழு மாலை போனது.

கீழ் வீட்டில் ஏசி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மல்டிமீட்டர் கேட்கப் போனபோது அவரே மேலே வந்துவிட்டார். பேட்டரியை அளந்தார்: 2.71 வோல்ட். "புதுசுன்னா மூணுக்கு மேல காட்டணும்பா. மாத்திடு, ஆனா அதுக்காக இது நிக்காது" என்றார். பிறகு போர்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "லைட்டு எரியுது பாரு. பேட்டரிய கழட்டின, கரண்ட்ட எங்க கழட்டின?"

உண்மைதான். கணினியை அணைத்திருந்தேனே தவிர, எஸ்எம்பிஎஸ் வயர் யுபிஎஸ்ஸிலேயே செருகியிருந்தது. அணைந்த நிலையிலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போர்டின் மூலையில் எரிந்த சின்ன விளக்கு அதைத்தான் காட்டியது. அது இருக்கும்வரை பேட்டரியை எத்தனை மணி நேரம் கழற்றி வைத்தாலும் அமைப்பு அழியாது. அதைவிட மோசம், அந்த மின்சாரம் ஓடும்போதே நான் ரேமைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஸ்டிக்கோ ஸ்லாட்டோ போயிருந்தால் குறை சொல்ல யாருமில்லை.

இரண்டு பேரும் சேர்ந்து முறையாகச் செய்தோம். பின்பக்கப் பவர் வயரையே உருவி எடுத்தோம். பிறகு பவர் பொத்தானை 15 வினாடி அழுத்திப் பிடித்தோம், மிச்ச மின்சாரம் வடிவதற்கு. விளக்கு மெல்ல அணைந்தது. பயாஸ் அழிக்கும் இரண்டு பின்கள் என் போர்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே ஒளிந்திருந்தன. கார்டைக் கழற்றினால்தான் கை போகும். போர்டைப் பொறுத்து அதன் பக்கத்தில் சிஎல்ஆர்டிசி என்றோ ஜேபேட்1 என்றோ கிளியர் சிமாஸ் என்றோ எழுதியிருக்கும். அண்ணன் ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்து 10 வினாடி பிடித்தார். புது சிஆர்2032 பேட்டரி, 40 ரூபாய், அளந்தபோது 3.2 வோல்ட். கார்டை மாட்டி, வயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன்.

கருந்திரை. பத்து வினாடி, இருபது வினாடி. அணைக்கப் போன என் கையை அண்ணன் தடுத்தார். "இரு, இரு." ஒரு நிமிடம் ஆகப்போகும் நேரத்தில் பயாஸ் எழுத்துகள் வந்தன. அமைப்பை அழித்த பிறகு முதல் முறை எழுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும். இரண்டு நிமிடமாவது விட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. பழைய பென் டிரைவ் ஒன்றில் மெம்டெஸ்ட்86-ஐ ஏற்றினேன். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு சோதனையையும் தேதி, நேரம், அறை வெப்பத்தோடு எழுதினேன்.

பழைய ஜோடி மட்டும், 3200: நான்கு சுற்று, பிழை இல்லை. புது ஜோடி மட்டும், 3600: நான்கு சுற்று, பிழை இல்லை. இந்த இரண்டாவது முடிவைப் பார்த்தபோதுதான் நிம்மதி வந்தது. ரிச்சி தெருவில் வாங்கியது கெட்ட சரக்கு இல்லை. போர்டும் போகவில்லை. தனித்தனியே இரண்டு ஜோடியும் நல்லவை, நான்கும் ஒன்றாக அந்த வேகத்தில் ஓட முடியவில்லை, அவ்வளவுதான். பிராசஸரின் விவரக் குறிப்பை அப்போதுதான் பார்த்தேன். இந்த ரைசன் வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் ரேம் வேகம், இரண்டு ஸ்டிக் என்றால் 3200. சிங்கிள் ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுப்பாக இருக்கும்) ஸ்டிக் நான்கு என்றால் 2933. போர்டுப் பெட்டியில் 3600 என்று இருந்தாலும் பக்கத்திலேயே ஓசி என்று எழுதியிருக்கிறது. ஓவர்கிளாக், அதாவது உறுதி தந்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, அதற்கு உறுதி கிடையாது.

நான்கையும் மாட்டி, 3200-இல் தொடங்கினேன். ரேம் மின்னழுத்தம் 1.35, எஸ்ஓசி (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதி) மின்னழுத்தம் 1.1. எழுந்தது. இரண்டாம் சுற்றில் 4 பிழை. அடுத்து 3066. இரவு 11 மணிக்குப் போட்டேன், காலையில் பார்த்தால் நான்கு சுற்றும் சுத்தம். முடிந்தது என்று நினைத்து வேலையைத் தொடங்கியிருப்பேன். ஏதோ உறுத்தியது. நான் வேலை செய்வது இரவில் இல்லையே! மதியம் 2 மணிக்கு மாடித் தளம் காய்ந்து அறைக்குள் அனல் இறங்கும்போதுதான் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, ஓடும். அதனால் கேபினட்டை மூடி, அதே 3066-ஐ மதியம் ஒருமுறை ஓட்டினேன். மூன்றாம் சுற்றில் 1 பிழை.

ஒரே ஒரு பிழைதானே என்று விடலாமா? ரேமில் ஒரு பிட் மாறினால் அது படத்தின் ஒரு புள்ளியாகவும் இருக்கலாம், கோப்பின் தலைப்பாகவும் இருக்கலாம். விடவில்லை. 2933-க்கு இறங்கினேன். நேர அளவுகளையும் இறுக்காமல் 16-20-20-40 என்று கையால் எழுதினேன், புது ஜோடிக்கு மூச்சுவிட இடம் வேண்டுமென்று. ரேமுக்குச் சற்றுத் தளர்வு தரும் கியர் டவுன் என்ற அமைப்பும் இயக்கத்தில். இரவில் சுத்தம். இன்று மதியமும் சுத்தம், முதல் வரியில் சொன்னது இதைத்தான். நடுவில் இரண்டு காலை முழுக்க அணைத்து வைத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் முதல் அழுத்தில் எழுந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு வலித்த பகுதி. அந்த இரண்டு நாள் 3600-இல் ஓடியபோது மெமரி கார்டிலிருந்து கோப்புகளை இறக்கினேன் அல்லவா? கோப்பு நகலாகும்போது ரேம் வழியாகத்தான் போகும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் கார்டில் உள்ள கோப்புக்கும் டிஸ்க்கில் உள்ள கோப்புக்கும் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். 212 கோப்புகளில் 3 ஒத்துப்போகவில்லை. ஒன்று, தாலி கட்டும் நேரத்தில் இரண்டாவது கேமரா எடுத்தது. திறந்தால் ஓடும், 40-ஆவது வினாடியில் பச்சைக் கட்டங்கள் சிதறும். கார்டுகளை நான் இன்னும் அழிக்கவில்லை. வீடியோவைக் கையில் கொடுக்கும்வரை கார்டை அழிப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் காட்சியைக் காப்பாற்றியது. பெண்ணின் அப்பாவிடம் போன் செய்து, ஐந்து நாள் தாமதமாகும் என்றும் ஏன் என்றும் மறைக்காமல் சொன்னேன். "கோப்பு இருக்குல்ல தம்பி? அது போதும்" என்றார்.

மூன்று கோப்பையும் புதிதாக இறக்கி, மறுபடி ஹாஷ் பார்த்தேன், ஒத்தது. விண்டோஸுக்கு எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினேன். சில சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்ததாகச் சொன்னது. டிஸ்க்கில் பிழை பார்க்க செக்டிஸ்க் ஓட்டினேன். ஓவர்கிளாக் பிரச்சினையில் கணினி எழாமல் நிற்பது சின்ன இழப்பு. தள்ளாடிக்கொண்டே ஓடும் நாட்களில் எதையெல்லாம் தப்பாக எழுதி வைத்தது என்பதுதான் பெரிய கவலை. அதனால் ஒருமுறை எழாமல் போன கணினி எழுந்ததும் வேலையைத் தொடராதீர்கள், முந்தைய நாட்களின் கோப்புகளைப் பாருங்கள்.

வேகத்தில் என்ன இழந்தேன் என்றும் அளந்தேன். ஒரே 12 நிமிட ஹைலைட் வீடியோ, ஒரே அமைப்பு. பழைய 16 ஜிபி, 3200-இல் 19 நிமிடம் 40 வினாடி. 32 ஜிபி, 3600-இல் முதல் நாள் எடுத்தது 15 நிமிடம் 50 வினாடி. இப்போது 32 ஜிபி, 2933-இல் 16 நிமிடம் 10 வினாடி. கூடுதல் 16 ஜிபி மூன்றரை நிமிடத்தை மிச்சப்படுத்தியது. 3600 என்ற எண்ணின் பங்கு 20 வினாடி. அந்த 20 வினாடிக்காக ஒன்பது நாள்.

செலவு: ரேம் 2,600, ஆல்கஹால் 180, பேட்டரி 40, சர்வீஸ் கடை 300. மொத்தம் 3,120 ரூபாய். இதில் 480 ரூபாய் அவசியமில்லாதது. பேட்டரியை மட்டும் அடுத்த வருடமாவது மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்த முறை ரேம் கூட்டினால், 8 ஜிபி நான்கு வைக்க மாட்டேன். இருப்பதை விற்றுவிட்டு 16 ஜிபி இரண்டு ஒரே பெட்டியில் வாங்குவேன். அன்று அதற்குக் கூடுதலாக 1,500 ரூபாய்தான் ஆகியிருக்கும். எக்ஸ்எம்பியை இயக்கிய அன்றைக்கே, வேலை எதுவும் தொடங்குமுன், மெம்டெஸ்ட் ஓட்டுவேன், மதியத்தில். பயாஸ் அமைப்புகளை மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுப்பேன்.

2933, 16-20-20-40, 1.35, எஸ்ஓசி 1.1 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, தேதி போட்டு, பக்கத் தகட்டின் உள்பக்கம் செல்லோ டேப்பால் ஒட்டிவிட்டேன். பயாஸ் அழிக்கும் பின்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு சின்னப் படமும் அதன் கீழே. எஸ்எம்பிஎஸ்ஸை நண்பரிடம் நாளைக் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது தாலி கட்டும் காட்சி ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது, 61 சதவீதம்.